செத்த பிரிகேட்டை எழுப்ப மறுத்த ஆர்லீன்

ஆர்லீன் ஹோஸ்டெட்டர் பதினோரு வருஷமாகச் செத்தவர்களை எழுப்பிக்கொண்டிருந்தாள். அதற்குச் சம்பளமும் வாங்கினாள். எங்கள் போர்க் கல்லூரியில் அதுவும் அவள் வேலையில் ஒரு பங்கு. பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அறுபது கர்னல்கள் பார்த்துக்கொண்டிருக்க, "எழுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் நடந்ததை வைத்துப் பார்த்தால், திங்கட்கிழமை அதிர்ச்சி ஒன்றுமே இல்லை.

கர்னல் ஆகிவிட்டவனுக்குச் சுடச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சீருடையில் இருந்தவன், ஆயிரக்கணக்கான பேரைக் கட்டி மேய்த்தவன். அவனுக்குத் தெரியாதது அதற்கும் மேலே இருக்கிறது. ஒரு நாடு எதற்காகச் சண்டைக்குப் போகிறது, எப்போது போகவே கூடாது, எதிரே உட்கார்ந்திருக்கும் அமைச்சரிடம் "இது நடக்காது" என்று எப்படிச் சொல்வது, இதெல்லாம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருஷத்துக்கு ஒரு கூட்டத்தைப் பென்சில்வேனியாவில் மலைகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். வகுப்பில் பதவி கிடையாது, எல்லாருக்கும் முதல் பெயர்தான். நான் வரலாறு நடத்துகிறவள். ஆகஸ்டில் வந்து இறங்கும் பயல்களை "மேடம்" என்பதை விட்டு "நவோமி" என்று சொல்ல வைப்பதற்குள் மரத்தில் இலையெல்லாம் உதிர்ந்துவிடும்.

ஏப்ரலில் போர் விளையாட்டு வரும். திங்கள் முதல் வெள்ளி வரை. பெரிய கூடத்தில் மேசை நிறைய வரைபடம், சுவரில் திரை. நம் படை நீலச் சதுரம், எதிரி சிவப்புச் சதுரம். கர்னல்கள் இரண்டு அணியாகப் பிரிந்து திட்டம் போட்டு மோதுவார்கள். மோதினால் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறவள் தலைமை நடுவர் ஆர்லீன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாளே முக்கியமான படை செத்துப்போனால் மீதி நாளெல்லாம் அறுபது பேரும் ஈ ஓட்டுவதா? அதனால் சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் நடுவர் செத்த படையைத் திரும்பத் திரையில் ஏற்றிவிடுவாள். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி நிற்கும். நாங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கும் வழக்கம் இது. செத்த ஏசு மூன்றாம் நாள் எழுந்த பண்டிகையை நினைத்து, கர்னல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "ஈஸ்டர்".

"ஆர்லீன், இன்னிக்கு ஈஸ்டர் உண்டா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள்.

"முட்டை எங்க? முட்டை இல்லாம எவனும் எழுந்திருக்க மாட்டான்" என்பாள்.

ஈஸ்டருக்குக் கடைகளில் விற்கும் சாக்லேட் முட்டையை மேசையில் வைப்பார்கள். அவள் பொத்தானை அழுத்துவாள், ஒரு டாங்கிப் படை உயிரோடு வந்துவிடும். ஏப்ரல் முடியும்போது அவள் மேசை இழுப்பறை முழுக்க சாக்லேட் உருகி ஒட்டிக்கிடக்கும்.

அவள் பிறந்தது ஆல்டூனாவில். அப்பா சரக்கு ரயிலில் வேலை பார்த்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவள். கல்லூரிக்குக் கட்டப் பணமில்லாமல் ராணுவத்தின் செலவில் படித்து, படித்த கடனுக்கு ராணுவத்திலேயே சேர்ந்தாள். வழங்கல் பிரிவு. ரொட்டி, டீசல், சவப்பெட்டி எல்லாம் அந்த ஒரே பிரிவின் பொறுப்புதான் என்று அவளே ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று, டயர்க் கடை லெஸ்டரைக் கட்டிக்கொண்டு, எங்கள் கல்லூரிக்கு வந்தாள். வியாழக்கிழமை தவறாமல், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடப் போவாள். சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவாள். ஊரில் யார் வீட்டில் சண்டை என்பது சண்டைக்காரர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். நேர்மையின் சிகரம் என்று அவளை யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் நீல அணிக்குத் தலைமை ட்ராய் வெஸ்ட்ரிக். நெப்ராஸ்காக்காரன், டாங்கிப் படை, வாய் ஓயாத பேச்சு. ஜெனரல் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் பொறாமை வரவில்லை. அப்படிப்பட்ட பையன். அவனுக்குத் துணை குவேசி அம்போன்சா, கானா நாட்டிலிருந்து படிக்க வந்த கர்னல். விளையாட்டு தொடங்குவதற்கு முந்திய வாரம் நாங்கள் நான்கு பேரும் உணவுக்கூடத்தில் ஒரே மேசை.

"இந்த வருஷ ஆட்டம் சும்மா பாடத்துக்கு இல்ல, தெரியும்ல?" என்றான் ட்ராய். "ஜெனரல் ஓர்மண்டோட தலைமையகம் அவங்க நெஜச் சண்டைத் திட்டத்தையே அனுப்பியிருக்கு. அதே ஆறு, அதே பாலம். நம்ம முடிவு அங்க போகுது. ஜூலைல நானும் அங்கதான் போறேன், திட்டப் பிரிவுக்கு."

ஆர்லீன் கோழி-சோள சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "முடிவுன்னா? யாரு எப்ப செத்தாங்கன்னு எல்லாமா போகுது?"

"சே, அதெல்லாம் யாரு கேக்கறா? வெள்ளிக்கிழமை ஆறு தாண்டியாச்சா, கையில எவ்வளவு படை மிச்சம். அவ்ளோதான்."

"அப்ப ஈஸ்டர்?"

குவேசி சிரித்துவிட்டார். "ஈஸ்டரைப் போய் அறிக்கையில எழுதினா, கையெழுத்துக்குப் பாதிரியாரைத்தான் கூப்பிடணும்."

நானும் சிரித்தேன். ஆர்லீன் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடியே நவோமி, கேட்டியா? நான் பாட்டுக்கு எழுப்பி விடுவேன். அவங்க 'தாண்டியாச்சு'ன்னு எழுதி அனுப்புவாங்க. நெஜத்துல அந்த ஆத்துல எறங்கப் போறது யாருடி?"

"மேல இருக்கறவங்க நம்ம விளையாட்டை மட்டுமா நம்புவாங்க? அங்கயும் நடுவர் இருப்பாங்க."

"இருப்பா. அங்கயும் ஒரு ஆர்லீன் இருப்பா. அவளும் சாயங்காலமானா எழுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவா."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கழன்றுகொண்டேன்.

திங்கட்கிழமை காலை ட்ராய் தன் பிரிகேட்டை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தான். நாலாயிரம் பேர். அந்த ஆற்றின் மேல் டாங்கியைத் தாங்கும் பாலம் ஒன்றே ஒன்று. அது உடைந்தால் பக்கத்திலேயே மிதவைப் பாலம் போடலாம் என்பது திட்டம். எதிரணிக்கு இது தெரியாதா என்ன? பாதிப் படை பாலத்தின் மேலும் மீதிப் பாதி கரையில் வரிசை கட்டியும் நின்றபோது சிவப்பு பீரங்கிகள் திறந்துகொண்டன. ஆர்லீன் பகடையை உருட்டினாள். பாலம் போயிற்று. மறுபடி உருட்டினாள். மிதவைகள் போயின. கரையில் நின்றவர்களுக்குப் பின்வாங்க ஒரே சாலை, அதிலும் விழுந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நீலச் சதுரம் திரையிலிருந்து மறைந்துவிட்டது.

யாரும் பதறவில்லை. அதுதான் எங்கள் வழக்கத்தின் அழகு. "சரி, இன்னிக்கு நமக்கு நாள் சரியில்ல" என்று ட்ராய் தோளைக் குலுக்கினான். மற்ற படைகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஏதோ நகர்த்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய சாக்லேட் முட்டையை எடுத்து ஆர்லீன் முன்னால் வைத்தான்.

"நாலாயிரம் பேருக்கு இது போதுமா, இல்ல இன்னொண்ணு வேணுமா?"

ஆர்லீன் முட்டையை அவன் பக்கமே நகர்த்தினாள். "எடுத்துக்க, ட்ராய். எழுப்ப மாட்டேன்."

"என்னது?"

"செத்துட்டாங்க. செத்தவங்க செத்தவங்கதான்."

கதவருகே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றுவிட்டார்கள். அறுபது பேர், எல்லாரும் நிஜச் சண்டையைப் பார்த்தவர்கள். திரையில் ஒரு சதுரம் திரும்பி வராது என்றதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்கள். எனக்கு அதுவே ஒரு அதிர்ச்சி. காலையில் அந்தச் சதுரம் மறைந்தபோது ஒருவர் முகமும் மாறவில்லையே!

"விளையாடாதீங்க ஆர்லீன்" என்றான் ட்ராய், சிரிக்கப் பார்த்து. "நாளைக்கு நான் எதை வச்சு ஆடறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அங்க நெஜ ஆத்துல போய் இதே மாதிரி ஆச்சுன்னா மறுநாள் எதை வச்சு ஆடுவ?"

சேதி கல்லூரித் தலைவர் ஜெனரல் பெர்ரினுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. எங்களைக் கூப்பிட்டனுப்பினார். எங்களை என்றால், அவளைத்தான் கூப்பிட்டார், அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெர்ரின் கெட்டவர் இல்லை. கத்தத் தெரியாத மனிதர், அதனாலேயே அவரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"ஆர்லீன், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அறுபது கர்னலை நாலு நாளைக்கு நான் என்ன செய்யச் சொல்லட்டும்?"

"பொதைக்கச் சொல்லுங்க. வீடு வீடா சேதி சொல்லச் சொல்லுங்க. மந்திரி முன்னாடி போய் நின்னு 'நாலாயிரம் பேரைத் தொலைச்சிட்டோம்'னு சொல்லச் சொல்லுங்க. நாலு நாள் பத்தாது சார்."

"வெள்ளிக்கிழமை ஜெனரல் ஓர்மண்ட் நேர்ல வர்றாரு. அவருகிட்ட காட்ட ஒரு முடிவு வேணும்."

"இதுதான் முடிவு."

பெர்ரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுப்பிடுங்க. இது உத்தரவு."

"நான் எழுப்ப மாட்டேன். கல்லூரி உங்களது. நீங்க எழுப்பிக்கங்க. அறிக்கையில மட்டும் ஒரு வரி போடுங்க சார். திங்கட்கிழமையே செத்துட்டாங்கன்னு ஒரே வரி."

"பயிற்சிக்காக செய்யற ஏற்பாட்டை எல்லாம் அறிக்கையில எழுதறது இல்ல. உங்களுக்கே தெரியும்."

அவரே எழுந்து கூடத்துக்கு வந்து, அந்தப் பொத்தானைத் தேடி, அழுத்தினார். நாலாயிரம் பேர் எழுந்துவிட்டார்கள். வெளியே வரும்போது ஆர்லீனிடம் மெதுவாக, ஜூனோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது, அதை நீட்டிக்க முடியாது என்றார். அவள் சரி என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ கத்தப்போனேன், அவள் என் காலை மிதித்தாள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல வந்து பகடை உருட்டினாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவளும் யாரோடும் சிரிக்கவில்லை. எழுந்து வந்த பிரிகேட்டை வைத்துக்கொண்டு ட்ராய் புதன்கிழமை ஆற்றைத் தாண்டினான். எதிரணியின் பீரங்கிகள் எங்கே என்பது திங்கட்கிழமை செத்ததால்தான் அவனுக்குத் தெரியும், அதை அவன் உட்படக் கூடத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கை தட்டினார்கள், முதுகில் தட்டினார்கள்.

வியாழக்கிழமை மதியம் ஆர்லீன் அவனை நடைவழியில் மறித்தாள்.

"நாளைக்கு ஓர்மண்ட் முன்னாடி பேசப்போறது நீதானே?"

"ஆமா."

"நீ சொல்லணும்."

ட்ராய் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஆர்லீன், என் பேரு பட்டியல்ல இருக்கு. பெர்ரின் முகத்துல கரி பூசின மாதிரி ஆயிடும். எனக்கும் அதோட சரி."

"ஆமா. அதோட சரிதான்."

"அது தெரிஞ்சும் சொல்லச் சொல்றீங்களா?"

"நான் வீட்டுக்குப் போறேன், ட்ராய். எனக்கென்ன? அங்க போறவன் நீ. மேல இருக்கறவருக்குத் தெரியாம நடக்குது இது. தெரிஞ்சா நிறுத்திடுவாரு. ஒருத்தன் வாயைத் தெறந்தா போதும்."

அவன் திரும்பி நடந்தான். வாயாடி ட்ராய் பேச்சற்றுப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. ஓர்மண்ட் முன்வரிசையில், தோளில் நான்கு நட்சத்திரத்தோடு. மெலிந்த, அமைதியான ஆள். பக்கத்தில் பெர்ரின். ட்ராய் மேடையேறி அழகாகத் தொடங்கினான். ஆறு, பாலம், எதிரி, நேரம். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக மாறின. இழப்பு என்ற தலைப்பு வந்ததும் நின்றான். அதில் போட்டிருந்த எண்ணிக்கை முந்நூற்றுச் சொச்சம். அவன் தண்ணீர் குடித்தான். ஆர்லீன் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், இது பொய்" என்றான் ட்ராய். "திங்கட்கிழமை மதியத்துக்கு முன்னாடியே என் பிரிகேட் மொத்தமும் செத்துப்போச்சு. நாலாயிரம் பேரும். சாயங்காலம் எழுப்பிவிட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க பார்த்ததெல்லாம் செத்தவங்க செஞ்சது. இந்தப் பாலத்துல தாண்ட முடியாது சார்."

பெர்ரின் முகம் வெளுத்துப்போய் எழுந்தார். ஓர்மண்ட் அவரைத் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"தெரியும்" என்றார் ஓர்மண்ட்.

ட்ராய்க்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. "என்ன சார்?"

"தெரியும்ப்பா. எங்க தலைமையகத்துலயும் ஆடிப் பார்த்தோம். ஒரு தடவை இல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் காலையிலயே செத்தாங்க. யாரும் எழுப்பல."

ட்ராய் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தான்.

"அப்புறம் ஏன் சார் அதே பாலம்?"

"வேற பாலம் கிடையாது. சண்டைன்னு வந்தா தாண்டித்தான் ஆகணும்னு மேலேருந்து உத்தரவு."

"அப்ப எங்ககிட்ட எதுக்கு அனுப்பினீங்க?" ட்ராய் மேடை விளிம்புக்கு வந்தான். "முடிவு தெரிஞ்ச ஆட்டத்தை நாங்க எதுக்கு ஆடணும்?"

ஓர்மண்ட் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கோபமிருந்தால் தாங்கியிருக்கலாம். "ஜூலையில அந்த உத்தரவை எழுதப்போறவன் நீ. முதல் தடவை எழுதறப்ப கை நடுங்கும். ஒரு தடவையாவது எழுதிப் பழகியிருக்கணும்ல? அதுக்குத்தான் தம்பி இந்தக் கல்லூரி."

இருபது வருஷமாக அங்கே பாடம் நடத்துகிறேன். எதற்காக நடத்துகிறேன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அமைச்சரிடம் முடியாது என்று சொல்லக் கற்றுத்தருகிறோம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் சரிந்தது. என் பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்கக்கூடப் பயந்தேன்.

ஓர்மண்ட் எழுந்து அரங்கத்தைப் பார்த்தார். "யாரு நடுவர்?"

ஆர்லீன் எழுந்தாள்.

"நீங்க செஞ்சதுதான் சரி. அடுத்த வருஷத்துலருந்து யாரையும் எழுப்ப வேண்டாம். முதல் நாளே செத்தா செத்ததாவே இருக்கட்டும். இவங்களுக்கு நல்ல பயிற்சி." பெர்ரினிடம் திரும்பினார். "இவங்களை விட்றாதீங்க."

கை தட்டினார்கள்! அவளுக்காக, அறுபது பேரும். ஆர்லீன் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, அந்தப் பாலம் மட்டும் அங்கேயே இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் தன் பிக்கப் வண்டியின் கதவைத் திறக்காமல் அதில் சாய்ந்து நின்றாள்.

"மேல தெரியாதுன்னு நினைச்சேன்டி" என்றாள். "கீழ இருக்கறவங்க மறைக்கறாங்க, மேல தெரிஞ்சா நிறுத்திடுவாங்கன்னு. எவ்வளவு முட்டாள் நான்! எனக்கு அறுபது வயசாகப்போகுது, நவோமி."

அவள் அழுததை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லவாவது ஏதாவது இருந்திருக்கும்.

ட்ராய் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். தொப்பி கையில், முகம் சாம்பல். "சொல்லிட்டேன் ஆர்லீன். சொல்லியும் ஒண்ணும் ஆகல. இனிமே நான் என்ன செய்யறது?"

"வேற பாலம் தேடு."

"வேற பாலம் கிடையாதுன்னு சொல்றாரே."

"அவங்க தேடினாங்க. நீ தேடலையே."

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். ஜூலையில் குடும்பத்தோடு புறப்பட்டபோது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆர்லீன் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதை லெஸ்டர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். நேரே அவள் வீட்டுக்குப் போனேன். "உனக்கு மானம் ரோஷம் இல்லையா? அந்த ஆளு உன்னை வச்சு அவங்களைப் பழக்கப் பார்க்கறான்!"

"தெரியும். அதனாலதான் போறேன். வேற எவளாவது உட்கார்ந்தா பழகிடுவாங்க. நான் இருந்தா பழக விடமாட்டேன்" என்றாள். அதை எப்படிச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஏப்ரல் வந்தது. புதுக் கர்னல்கள். ஓர்மண்டின் தலைமையகத்திலிருந்து அதே ஆறு மறுபடியும் வந்திருந்தது. உறையைப் பிரித்த பெர்ரின் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வரைபடத்தை விரித்து, ஆற்றின் மேற்கே வெகுதூரத்தில் விரலை வைத்தார். கைவிடப்பட்ட ஒரு ரயில் பாலம்.

"கடக்கற இடத்தை மாத்தியிருக்காங்க. வெஸ்ட்ரிக் வேலை. இந்தப் பாலம் டாங்கியைத் தாங்காதுன்னு பழைய வரைபடத்துல இருந்துச்சாம். நேர்ல போய் அளந்து பார்க்கணும்னு மாசக்கணக்கா எல்லார்கிட்டயும் சண்டை போட்டிருக்கான். கடைசியில அளந்தாங்க. தாங்குமாம்." விரலை எடுத்தார். "பட்டியல்லருந்து அவன் பேரை எடுத்துட்டாங்க. அதுவும் உங்களுக்குத் தெரியணும்."

ஆர்லீன் அந்த விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆட்டம் தொடங்கியது. புதுப் பையன் பிரிகேட்டை ரயில் பாலத்துக்குக் கொண்டுவந்தான். நான் வேலையை விட்டுவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன். எதிரணி இதை எதிர்பார்க்கவில்லை. பீரங்கியைத் திருப்ப நேரம் பிடித்தது. ஆர்லீன் பகடையை உருட்டினாள். பாலம் நின்றது. இன்னொரு முறை உருட்டினாள். முதல் பாதி அக்கரை சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் குண்டுகள் விழுந்தன.

"பாதி தாண்டியாச்சு" என்று அறிவித்தாள். "பாதி செத்தாச்சு."

கூடம் ஆர்ப்பரித்தது. போன வருஷம் இங்கே இருந்தவர்கள் நாங்கள் சிலர்தான், எங்களுக்குத்தானே தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயமென்று! பெர்ரின் பின்னாலிருந்து கை தட்டினார். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ட்ராயை நினைத்து, உள்ளங்கை எரிய நானும் தட்டினேன்.

ஆர்லீன் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"எதுக்குடி தட்டற?"

"பாதிப் பேர் பொழைச்சுட்டாங்களேடி!"

"மீதிப் பேர்?"

இரண்டாயிரம் பேர். செத்தது இரண்டாயிரம் பேர், அதைக் கேட்டு நான் கை தட்டியிருக்கிறேன், ஆனந்தக் கண்ணீரோடு. ஓர்மண்ட் சொன்ன அந்தப் பழக்கம் கர்னல்களுக்கு வந்ததோ இல்லையோ, எனக்கு வந்துவிட்டிருந்தது.

ஆர்லீன் எழுந்து புதுப் பையனிடம் போய், "செத்தவங்க எங்க இருக்காங்க, அவங்களை எப்படிக் கரைக்குக் கொண்டுவருவ, சொல்லு" என்று ஆரம்பித்தாள். அவன் திருதிருவென்று விழித்தான். நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.